ரஷ்யாவா, மேற்கா, அண்டை நாட்டோடு சமாதானமா: ஆர்மீனியாவின் முன் இருக்கும் நான்கு வழிகள்

இந்தியாவின் பினாகா ராக்கெட்டுகளை ஆர்மீனியா வாங்குகிறது என்ற செய்தி 2022-இல் வந்ததிலிருந்து, குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்களும் உலக அரசியலைத் தொடர்ந்து கவனிப்பவர்களும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "உள்ளே ரஷ்ய ராணுவத் தளம் இருக்கிறது. அமெரிக்காவோடு கூட்டுப் பயிற்சி. பிரான்ஸிடம் பீரங்கி, நம்மிடம் ராக்கெட். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரச் சட்டமும் போட்டாச்சு. இவர்கள் கடைசியில் எந்தப் பக்கம் போனால்தான் நல்லது?" விவாதத்தில் ஏதாவது ஒரு பக்கம் எடுத்தாக வேண்டும், ஆனால் எடுக்க முடியவில்லை என்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் நிலப்படத்தைப் பாருங்கள். மக்கள்தொகை சுமார் 30 லட்சம். கடல் கிடையாது. அண்டை நாடுகள் நான்கு. மேற்கே துருக்கி, 1993-இல் எல்லையை மூடியது. கிழக்கே அஜர்பைஜான், அதன் எல்லைக்குள் ஆர்மீனியர்கள் வாழ்ந்த கராபாக் மலைப்பகுதிக்காக 1990-களின் தொடக்கத்தில் நடந்த முதல் கராபாக் போரிலிருந்தே அந்த எல்லையும் மூடல். திறந்திருப்பவை இரண்டு: வடக்கே ஜார்ஜியா, தெற்கே ஈரானோடு சுமார் 40 கி.மீ. நீளத் துண்டு. ரஷ்யாவோடு பொது எல்லையே இல்லை. ரஷ்யாவுக்குத் தரைவழியாகச் சரக்கு போக வேண்டுமானால் பெரும்பாலும் ஜார்ஜியாவைக் கடந்து காகசஸ் மலையில் லார்ஸ் கணவாய் வழியாகத்தான் போக வேண்டும். குளிர்காலத்தில் பனி விழுந்தால் லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நிற்கும்.

## எதை வைத்து எடை போடுவது?

நான் பார்ப்பவை நான்கு. ஒன்று, அடி விழுந்தபோது யார் வந்தார்கள் என்பது. ஒப்பந்த வாசகம் அதற்கு அடுத்ததுதான். இரண்டு, பாதுகாப்பு தருபவரின் சொந்த நலன் உங்கள் எதிரியோடு மோதுகிறதா, ஒட்டிப்போகிறதா? மூன்று, அடுப்பு எரியுமா: எரிவாயு, கோதுமை, சந்தை, வேலை. நான்கு, விலக நினைத்தால் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும்?

இவற்றில் இரண்டாவதுக்குத்தான் நான் அதிக எடை கொடுக்கிறேன். சிறிய நாடுகளின் பாதுகாப்பு பற்றிய பேச்சில் பெரும்பாலும் கையெழுத்துகளை எண்ணுகிறோம். கையெழுத்துப் போட்டவருக்கு உங்கள் எதிரியிடம் என்ன வேலை இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

## வழி 1: பழைய கூட்டணியிலேயே, ரஷ்யாவோடு

இந்தக் கூட்டணி முட்டாள்தனமாகப் பிறந்ததல்ல. 1992 மே மாதம் தாஷ்கண்டில் ரஷ்யாவும் ஆர்மீனியாவும் வேறு சில முன்னாள் சோவியத் நாடுகளும் கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் (பின்னாளில் CSTO என்ற கூட்டணி) கையெழுத்திட்டபோது ஆர்மீனியாவின் பெரிய பயம் துருக்கி. நேட்டோ நாடு, பெரிய படை, 1915 இனப்படுகொலையின் நினைவு. அந்த மாதமே துருக்கி தலையிடலாம் என்ற பேச்சு எழுந்தது. வெளியார் தலையிட்டால் அது மூன்றாம் உலகப் போர் வரை போகக்கூடும் என்று சுதந்திர நாடுகளின் காமன்வெல்த் கூட்டுப் படைத் தளபதி ஷாபோஷ்னிகோவ் எச்சரித்தார். துருக்கி வரவில்லை. துருக்கி எல்லையை ஒட்டிய கியூம்ரியில் ரஷ்யாவின் 102-ஆவது தளம் அமைந்தது. அதன் ஒப்பந்தத்தை 2010-இல் 2044 வரை நீட்டித்தார்கள். துருக்கியைத் தடுக்க வாங்கிய காப்பு, துருக்கியைத் தடுத்தது. அந்த அளவில் அது சரியான தேர்வு.

ஆனால் ஆபத்து இடம் மாறியது. அஜர்பைஜான் எண்ணெய்ப் பணத்தில் படையைப் பெருக்கியது. இஸ்ரேலிடமும் துருக்கியிடமும் ட்ரோன் வாங்கியது. டாங்கிகளையும் கனரக ராக்கெட் ஏவிகளையும் ரஷ்யாவே விற்றது. அதே கூட்டணியில் இருக்கும் பெலாரஸ் 2018-இல் தன் பொலோனெஸ் ராக்கெட் ஏவிகளை அஜர்பைஜான் தலைநகர் பாகுவுக்குக் கொடுத்தது. 2020-இல் 44 நாள் போர். கராபாக் சர்வதேசச் சட்டப்படி ஆர்மீனிய மண் இல்லை, அதனால் கூட்டணிக்குக் கடமை இல்லை என்றது மாஸ்கோ. சட்டப்படி அந்த வாதத்தில் நியாயம் உண்டு.

2022 செப்டம்பரில் அந்த வாதமும் போனது. அஜர்பைஜான் தாக்கியது ஆர்மீனியாவுக்குள்ளேயே இருக்கும் இடங்களை. மினரல் வாட்டருக்குப் பேர்போன மலை ஊரான ஜெர்முக் அவற்றில் ஒன்று. இரண்டு நாளில் 200-க்கும் மேற்பட்ட ஆர்மீனிய வீரர்கள் இறந்தார்கள். ஒரு உறுப்பினர் மீதான தாக்குதல் எல்லார் மீதான தாக்குதல் என்று ஒப்பந்தத்தின் 4-ஆவது பிரிவு சொல்கிறது. வந்தது உண்மை அறியும் குழு.

இதோடு அதே ஆண்டு ஜனவரியை வைத்துப் பாருங்கள். கஜகஸ்தானில் கலவரம் வெடித்து அதிபர் தோகாயெவ் உதவி கேட்டார். மறுநாளே கூட்டணிப் படைகள் அங்கே இறங்கத் தொடங்கின. அந்த முடிவை அறிவித்தவர் அப்போது கூட்டணியின் சுழற்சித் தலைவராக இருந்த ஆர்மீனியப் பிரதமர் பாஷினியான். அங்கே காப்பாற்றப்பட்டது மாஸ்கோவுக்கு வேண்டிய ஓர் ஆட்சி. ஜெர்முக்கில் வந்திருந்தால் மாஸ்கோ தனக்கு வேண்டிய அஜர்பைஜானைப் பகைக்க வேண்டியிருக்கும். உக்ரைன் மீது படையெடுக்க இரண்டு நாள் முன்பு, 2022 பிப்ரவரி 22-ஆம் தேதி, புடினும் அஜர்பைஜான் அதிபர் அலியேவும் நட்புக் கூட்டணிப் பிரகடனத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். தடைகளுக்குப் பிறகு ரஷ்யாவுக்குத் துருக்கி வழியும் அஜர்பைஜான் வழியும் முன்னைவிட அவசியமாகிவிட்டன. என் இரண்டாவது அளவுகோலில் ரஷ்யா தோற்ற இடம் இதுதான்.

அடுத்த ஆண்டு இன்னும் மோசம். 2020 போருக்குப் பிறகு வந்த 1,960 ரஷ்ய அமைதிப் படையினர் இருக்கும்போதே, கராபாக்கை ஆர்மீனியாவோடு இணைக்கும் லாச்சின் பாதை மாதக்கணக்கில் அடைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 19-இல் கராபாக் மீது அஜர்பைஜானின் தாக்குதல் தொடங்கி ஒரே நாளில் முடிந்தது. அடுத்த சில நாட்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கராபாக்கை விட்டு வெளியேறினார்கள். கராபாக்கின் தலைநகர் ஸ்டெபனகெர்ட்டிலிருந்து ஆர்மீனியாவின் கோரிஸ் ஊர் வரை வழக்கமாகச் சில மணி நேரத்தில் முடியும் மலைப்பாதை. கார், லாரி, டிராக்டர், கூரைமேல் மெத்தையும் மூட்டையும் கட்டிய வண்டிகள் என்று ஊர்ந்ததில் பலருக்கு ஒரு நாளுக்கு மேல் ஆனது. ஒரு சமூகம் தன் ஊர்களைக் காலி செய்தது; அதைப் பாதுகாக்க வந்த படை பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டணி என்ற சொல்லை அதன்பின் ஆர்மீனியர்களிடம் யார் சொன்னாலும் எடுபடாது, அது நியாயமும்கூட.

மறைமுகச் செலவுகளும் உண்டு. எரிவாயுவின் பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து வருகிறது. 2022-இல் ஆயிரம் கன மீட்டருக்கு 165 டாலர், ஐரோப்பா கொடுத்த விலையோடு பார்த்தால் மிகவும் மலிவு. ஆனால் வீடுகளுக்கு வாயு கொண்டுபோகும் வலைப்பின்னலே ரஷ்ய அரசு எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோமின் துணை நிறுவனத்துடையது. ரயில் பாதைகள் 2008 முதல் 30 ஆண்டுக் குத்தகையில் ரஷ்ய ரயில்வேயின் கையில். மெட்சாமோர் அணுமின் நிலையத்துக்கு எரிபொருள் ரஷ்யாவிலிருந்து. வெளி வணிகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ரஷ்யாவோடு. 2023 மார்ச்சில், புடினைக் கைது செய்ய வாரண்ட் பிறப்பித்த சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் சேரத் தடையில்லை என்று ஆர்மீனிய அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது. கொஞ்ச நாளிலேயே ஆர்மீனியப் பால் பொருள்களின் தரம் சரியில்லை என்று ரஷ்யா இறக்குமதியை நிறுத்தியது. ஆயுதத்துக்குப் பணம் கட்டியும் சரக்கு வரவில்லை என்று பாஷினியானே வெளிப்படையாகச் சொன்னார்.

இந்த வழி எப்போது சரி? உங்கள் எதிரி உங்கள் காவலருக்கும் எதிரியாக இருந்து, காவலரின் கை வேறு போரில் மாட்டாமல் இருக்கும்போது. 1992-இல் இரண்டும் இருந்தன. 2022-க்குப் பிறகு இரண்டும் இல்லை.

## வழி 2: மேற்குப் பக்கம் சாய்வது

2023 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் கண்காணிப்புக் குழு எல்லைக்கு வந்தது. ஆயுதம் இல்லாத குடிமக்கள் குழு, கையில் இருப்பது தொலைநோக்கி. 2024 ஏப்ரலில் 27 கோடி யூரோ மானியம் அறிவித்தார்கள். 2025 ஜனவரி 14-இல் அமெரிக்காவோடு உத்திசார் கூட்டுறவு சாசனம், மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் முயற்சியைத் தொடங்க நாடாளுமன்றத்தில் சட்டம். கேட்க நன்றாக இருக்கிறது. இவற்றில் எதிலும் "தாக்கினால் வருவோம்" என்ற வரி இல்லை.

2022 ஜூலை 18-இல் ஐரோப்பிய ஆணையத் தலைவர் பாகுவுக்குப் போய், 2027-க்குள் அஜர்பைஜான் எரிவாயு இறக்குமதியை இரட்டிப்பாக்கக் கையெழுத்திட்டு வந்தார். இரண்டு மாதம் கழித்துத்தான் ஜெர்முக்கில் குண்டு விழுந்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. வாயு தேவைப்படும் வாங்குபவர் விற்பவரைக் கழுத்தைப் பிடிக்க மாட்டார், அவ்வளவுதான்.

ஜார்ஜியாவின் அனுபவம் பக்கத்திலேயே இருக்கிறது. "ஒரு நாள் உறுப்பினர் ஆவீர்கள்" என்று 2008 ஏப்ரலில் நேட்டோ புக்கரெஸ்டில் சொன்னது. ஆகஸ்டில் ரஷ்யாவோடு போர். வாக்குறுதிக்கும் உறுப்பினர் ஆவதற்கும் நடுவில் இருக்கும் காலம்தான் மிக ஆபத்தானது. அந்த இடைவெளியில் நிற்பவருக்குப் பழைய காவலரின் கோபம் உண்டு, புதியவரின் காவல் இல்லை.

இன்னொரு செலவும் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. ஆர்மீனியா 2015 முதல் ரஷ்யாவின் யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தில் உறுப்பினர். இரண்டு சுங்க ஒன்றியங்களில் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. தரைவழியில் ஐரோப்பாவை எட்ட ஜார்ஜியாவோ துருக்கியோ வேண்டும். ஜார்ஜிய அரசு தன் சொந்தச் சேர்க்கைப் பேச்சையே 2024 நவம்பரில் 2028 வரை தள்ளிவைத்துவிட்டது.

பால்டிக் நாடுகள் மூன்றுக்கும் இந்த வழி பொருந்தியது. ரஷ்யா தளர்ந்திருந்த காலத்தில் 2004-க்குள் முழு உறுப்பினர் ஆகிவிட்டன, கடலும் இருந்தது. ஆர்மீனியாவுக்கு ஐரோப்பாவின் பயன் வேறு மாதிரி: நீதிமன்றம், காவல்துறை, தேர்தல், விசா, சந்தை. இவற்றுக்காகப் போகலாம், போகத்தான் வேண்டும். படைக்காகப் போகக் கூடாது.

## வழி 3: பல கடைகளில் ஆயுதம் வாங்குவது

2020-இல் இந்தியாவின் சுவாதி ரேடார், 2022-இல் பினாகா, அதன்பின் ஆகாஷ் ஏவுகணை, 155 மி.மீ. பீரங்கிகள். பிரான்ஸிடமிருந்து ஜி.எம்.200 ரேடார்கள், பாஸ்டியன் கவச வண்டிகள், 2024-இல் 36 சீசர் பீரங்கிகளுக்கு ஒப்பந்தம். யாரும் தளம் கேட்கவில்லை, யாரும் எரிவாயுக் குழாயைக் காட்டி மிரட்டவில்லை. பணம் கொடுத்தால் சரக்கு வருகிறது. ரஷ்யாவிடம் பணம் கட்டிக் காத்திருந்த நாட்டுக்கு அதுவே பெரிய மாற்றம்.

(சென்னையோடு ஆர்மீனியர்களுக்குப் பழைய உறவு உண்டு. உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794-இல் அச்சானது மதராஸில். பாரிமுனையில் அவர்கள் பெயரில் தெருவும் தேவாலயமும் இன்றும் இருக்கின்றன. ஆனால் பினாகா விற்பனைக்குக் காரணம் இந்த உறவு இல்லை.)

காரணம் துருக்கி, பாகிஸ்தான், அஜர்பைஜான் மூன்றும் ஒருவருக்கொருவர் தோள் கொடுப்பது. அதாவது இந்தியாவுக்கும் தன் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு மாறவும் கூடும். ஆர்மீனியாவை அங்கீகரிக்கவே மறுத்துவந்த பாகிஸ்தான் 2025 ஆகஸ்டில் அதோடு தூதரக உறவு தொடங்கிவிட்டது.

இதன் மறைமுகச் செலவு ராணுவக் கிடங்கில் தெரியும். சோவியத் காலத்துப் பீரங்கிக்கு 152 மி.மீ. குண்டு. இந்திய, பிரெஞ்சுப் பீரங்கிக்கு 155 மி.மீ. ஒன்றின் குண்டு மற்றொன்றில் ஏறாது. இரண்டு வகைக் குண்டு, இரண்டு வகை உதிரி பாகம், இரண்டு வகைப் பயிற்சி, அதற்கு மேல் மூன்று மொழிகளில் கையேடு. சிறிய படைக்கு இது பெரிய பாரம். அப்புறம் வழி. பாஸ்டியன் வண்டிகள் 2023 நவம்பரில் ஜார்ஜியாவின் போத்தி துறைமுகத்தில் இறங்கியதும் பாகு கண்டனம் தெரிவித்தது. ஈரான் வழி போர்க் காலத்தில் திறந்திருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. போர் மூண்டால் கையில் இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும், விற்றவர் எவரும் வரமாட்டார்.

எதிரி தாக்கத் தயங்கும் அளவுக்கு விலையை ஏற்றி வைக்க இந்த வழி உதவும். பேச்சுவார்த்தை முடியும்வரை நேரம் வாங்கித் தரும்.

## வழி 4: துருக்கியோடும் அஜர்பைஜானோடும் சமாதானம்

மற்ற மூன்றும் "யார் நம்மைக் காப்பாற்றுவார்கள்" என்று கேட்கின்றன. இது மட்டும்தான் காப்பாற்ற வேண்டிய தேவையையே குறைக்கப் பார்க்கிறது. அதனாலேயே மிகவும் வலிக்கும் வழியும் இதுதான்.

2025 ஆகஸ்ட் 8-இல் வாஷிங்டனில், 17 பிரிவுகள் கொண்ட சமாதான ஒப்பந்த வரைவில் ஆர்மீனிய, அஜர்பைஜான் வெளியுறவு அமைச்சர்கள் சுருக்கொப்பம் இட்டார்கள். ஆர்மீனியாவின் தெற்கே உள்ள சியூனிக் மாகாணம் வழியாக அஜர்பைஜானையும் அதன் நக்சிவான் பகுதியையும் இணைக்கும் சுமார் 40 கி.மீ. பாதைக்கு ட்ரம்ப் பெயர் வைக்கப்பட்டது. பாதை ஆர்மீனியச் சட்டத்தின் கீழ், கட்டும் உரிமை அமெரிக்கத் தரப்புக்கு. இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது இதுதான்: தூரத்து வல்லரசு ஒன்றுக்கு இந்த மண்ணில் முதல்முறையாகச் சொந்தக் காசு மாட்டுகிறது. இன்னொரு பாதுகாப்பு ஒப்பந்தத்தைவிட இது உறுதியான பிடி. அக்டோபரில் அஜர்பைஜான் சரக்குப் போக்குவரத்துத் தடையை நீக்கியது. கஜகஸ்தான் கோதுமை அஜர்பைஜான், ஜார்ஜியா வழியாக ரயிலில் வந்து சேர்ந்தது. வடக்கிலிருந்து வரும் சரக்குக்கு லார்ஸ் கணவாயையே பெரிதும் நம்பியிருந்த நாட்டுக்கு அது சாதாரண ரயில் இல்லை.

விலையைப் பாருங்கள். கராபாக் மக்கள் திரும்புவது பற்றிய பேச்சு மேசையிலிருந்து ஏறக்குறைய இறங்கிவிட்டது. ஒப்பந்த நேரத்தில் கராபாக்கின் முன்னாள் தலைவர்கள் பாகு சிறையில் இருந்தார்கள். ஆர்மீனிய அரசியல் சாசனத்தின் முகவுரையை மாற்றினால்தான் இறுதிக் கையெழுத்து என்கிறது அஜர்பைஜான். பொது எல்லையில் மூன்றாம் நாட்டுப் படைகளை நிறுத்தக் கூடாது என்ற பிரிவும் இருக்கிறது. அதன்படி ஐரோப்பியக் கண்காணிப்புக் குழுவும் எல்லையை விட்டுப் போக வேண்டியிருக்கும். வழி 4-க்குப் போனால் வழி 2-இன் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஊர் மட்டத்தில் இது எப்படி இருக்கும் என்று 2024 வசந்தத்தில் தவுஷ் மாகாணத்தில் தெரிந்தது. சோவியத் கால வரைபடப்படி நான்கு ஊர்களின் நிலத்தை அஜர்பைஜானிடம் திருப்பிக் கொடுத்தார்கள். கிராண்ட்ஸ் கிராமத்தில் சில வீடுகளுக்குப் பக்கத்திலேயே புது எல்லை வந்து நின்றது. ஊர்க்காரர்கள் பேராயர் ஒருவரின் தலைமையில் தலைநகர் யெரெவான் வரை நடந்தே போய்ப் பிரதமரைப் பதவி விலகச் சொன்னார்கள். அவர்களைச் சமாதானத்துக்கு எதிரிகள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்துக்கு அந்தப் பக்கம் நேற்று வரை சுட்டுக்கொண்டிருந்த படை நிற்கும்போது யாருக்கும் தூக்கம் வராது.

துருக்கி எல்லை இந்த வழியின் பெரிய பரிசு. 2009-இல் சூரிச்சில் கையெழுத்தான நெறிமுறைகள் இரு நாட்டு ஒப்புதலும் கிடைக்காமல் கிடப்பில் போயின. ஆனால் 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தின்போது, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு முதல்முறையாக மர்காரா பாலம் திறந்தது. நிவாரணப் பொருள்களோடு ஐந்து ஆர்மீனிய லாரிகள் ஆதியமான் நோக்கிக் கடந்து போயின. மனம் இருந்தால் பாலம் தாங்கும் என்று அன்று தெரிந்தது.

எதிர்த் தரப்புக்கும் சமாதானத்தில் லாபம் இருந்தால்தான் இந்த வழி நிற்கும். பலமானவர் மறுபடி கேட்கத் தொடங்கினால் தனியாக நிற்கப் பலவீனருக்கு முடியாது. அதனால் வழி 3-இன் துணை இல்லாமல் இதைத் தேர்வது ஆபத்து.

## ஒரே பார்வையில்

| வழி | தாக்குதலின்போது வருவார்களா? | காவலரின் நலன் | விலகும் விலை |
|---|---|---|---|
| ரஷ்யா | 2022-இல் வரவில்லை | பாகுவோடு ஒட்டுகிறது | மிக அதிகம்: வாயு, ரயில், சந்தை |
| மேற்கு | வாக்குறுதி இல்லை | பாகுவின் வாயு தேவை | குறைவு; சேரும் விலைதான் அதிகம் |
| பல கடை | வரமாட்டார்கள், சரக்கு வரும் | அவரவர் கணக்கு, மாறக்கூடியது | குறைவு |
| சமாதானம் | தேவையே குறையலாம் | பாதையில் பணம் போட்டவருக்கு அக்கறை | இழந்ததைத் திரும்பக் கேட்க முடியாது |

## நான் எந்தப் பக்கம்?

வழி 4 அடித்தளம், வழி 3 அதற்கு முட்டு. ஐரோப்பா நிறுவனங்களுக்காக. ரஷ்யாவிடமிருந்து விலகுவது மெதுவாக, மாற்று ஏற்பாடு தயாரான துறையில் மட்டும். 2024 பிப்ரவரியில் கூட்டணியில் பங்கேற்பை முடக்கிய பாஷினியான் முறைப்படி விலகவில்லை. இதைக் கோழைத்தனம் என்றவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே ஆண்டு ஜூலை இறுதியில் யெரெவான் விமான நிலையத்திலிருந்து ரஷ்ய எல்லைக் காவலர்கள் போனார்கள். 2025 ஜனவரியில் ஈரான் எல்லையின் அகாரக் சாவடி ஆர்மீனியர் கைக்கு வந்தது. வாயுவை நிறுத்தும் அளவுக்கு மாஸ்கோவுக்குக் கோபம் வரவில்லை, சாவடிகள் மட்டும் ஒவ்வொன்றாகக் கைமாறின. இந்த வேகம்தான் சரி.

விவாதத்தில் எதிர்த் தரப்பில் இருப்பவர் கேட்கக்கூடிய நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது: பாகு ஏமாற்றினால்? ஏமாற்றலாம். அப்போதும் ஆகாஷும் சீசரும் கையில் இருக்கும், ரஷ்யாவை நம்பியிருந்தால் இருந்ததைவிட மோசமான இடத்தில் ஆர்மீனியா இருக்காது. வழி 1-ஐ ஆதரிப்பவர்தான் 2023 செப்டம்பருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்கில் அடுத்துக் கவனிக்க வேண்டிய முடிவு ஆயுதத்தைப் பற்றியது அல்ல. மெட்சாமோரில் இயங்கும் ஒரே அலகு 1980-இல் தொடங்கியது, நாட்டின் மின்சாரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அதிலிருந்து வருகிறது. அதன் ஆயுளை 2036 வரை நீட்டிக்கும் வேலை நடக்கிறது. அதற்குப் பதிலாக வரப்போகும் உலையை ரஷ்யாவிடம் வாங்குவதா, வேறு நாட்டிடம் வாங்குவதா என்பதுதான் கேள்வி. அணு உலை வாங்கினால் எரிபொருள், பராமரிப்பு, பயிற்சி என்று விற்றவரோடு அரை நூற்றாண்டுக்கு மேல் உறவு. கியூம்ரி தளத்தின் ஒப்பந்தம் 2044-இல் முடிந்துவிடும், அந்த உலையின் ஒப்பந்தம் அதற்குப் பிறகும் பல காலம் ஓடும்.